வேதாகமத்தைத் தனியாக வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

சிறு வயது முதல் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போயும், வேதாகமத்தில் ஒரு நூலைக்கூட முதலிலிருந்து முடிவு வரை வாசித்திராதவர்கள் நம்மிடையே ஏராளம். திருமணத்தின் மூலம் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வந்து, எல்லோரும் சரளமாகச் சொல்லும் வசனங்களைக் கேட்டுத் தயங்கி நிற்பவர்கள் உண்டு. வேறு சமயத்தைச் சேர்ந்தவர்களும், எந்தச் சமயத்தையும் சேராதவர்களும் இந்த நூலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அறிய விரும்புகிறார்கள். முப்பதிலோ அறுபதிலோ, தாமாகவே வாசிக்க உட்காரும் இவர்கள் அனைவருக்குமாக இதை எழுதுகிறேன். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தை வசனம் வசனமாகப் பொறுக்கி வாசிக்காமல், நூல் நூலாக வாசியுங்கள். நமக்குத் திருக்குறள் பழகிய கை. ஒரு குறளை எங்கிருந்து எடுத்தாலும் அது தன் காலில் நிற்கும். அதே பழக்கத்தில் நாட்காட்டியில் ஒரு வசனம், சுவரில் ஒரு வசனம், வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் என்று வேதாகமத்தையும் எடுத்துக்கொள்கிறோம். நீதிமொழிகளின் நடுப்பகுதிக்கு அது பொருந்தும். மாற்கு எழுதியதற்கோ, பவுல் எழுதிய கடிதத்துக்கோ பொருந்தாது. அவை ஆரம்பமும் வளர்ச்சியும் முடிவும் கொண்டவை. நடுவிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தால், பொருளும் பாதிதான் கைக்கு வரும்.

பிரதி வாங்கும்போது

தமிழில் இரண்டு மொழிபெயர்ப்புகள் பரவலாகக் கிடைக்கின்றன. புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் ‘பரிசுத்த வேதாகமம்’, 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த திருத்தத்தை அடியொற்றியது. மற்றொன்று கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு. இந்த மரபு நமக்குப் புதியதல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழில்தான்.

முதல் வாசிப்புக்குத் திருவிவிலியத்தை எடுங்கள் என்பது என் பரிந்துரை, எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும். ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் சிறு முன்னுரை இருக்கிறது, நடை இன்றைய தமிழுக்கு அருகில் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மனப்பாடமான வரி வந்ததும் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வேறு சொற்களில் பார்த்தால் நின்று கவனிக்கும். இரண்டாம் வாசிப்புக்கு உங்கள் பழைய பிரதியிடம் திரும்புங்கள். அந்த நடையின் கம்பீரத்தை இழக்க வேண்டாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்போது பெயர்கள் குழப்பும். ஆதியாகமமும் தொடக்க நூலும் ஒன்றுதான். யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். நிருபம் அங்கே திருமுகம். அப்போஸ்தலருடைய நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். புராட்டஸ்டண்ட் பதிப்பில் பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27 என 66 நூல்கள் இருக்கும். கத்தோலிக்கருக்கு 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் என்று பழைய ஏற்பாட்டில் ஏழு நூல்கள் கூடுதல். உங்கள் பிரதியில் ஏதோ விடுபட்டுவிட்டது என்றோ, யாரோ சேர்த்துவிட்டார்கள் என்றோ பதற வேண்டாம். தொடக்கத்தில் வாசிக்கப்போகும் நூல்கள் இரண்டு பட்டியலிலும் இருப்பவைதாம்.

எழுத்துப் பெரிதாக உள்ள பிரதியை வாங்குங்கள். கைபேசிச் செயலி ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவதற்கு நன்றாக உதவும், ஆனால் தொடர்ந்து வாசிக்க அச்சுப் பிரதியே ஏற்றது. நான்கு பக்கம் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய தேவை அடிக்கடி வரும்.

எண்கள் பிற்காலத்தவை

‘மாற்கு 8:22’ என்றால் மாற்கு நூலில் 8ஆம் அதிகாரம், 22ஆம் வசனம். இடம் கண்டுபிடிக்க இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஆனால் நூல்களை எழுதியவர்கள் இந்த எண்களைப் போடவில்லை. இப்போதுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயத் திருச்சபை அறிஞர் வகுத்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தாரின் பதிப்பில் வந்தவை. பல இடங்களில் பிரிவு பொருத்தமாக விழுந்திருக்கிறது, சில இடங்களில் பேச்சின் நடுவே வெட்டுகிறது. பாடுபடும் ஊழியரைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையை ‘ஏசாயா 53’ என்றே எல்லோரும் சொல்கிறோம். கவிதை தொடங்குவதோ 52:13இல். 53ஆம் அதிகாரத்திலிருந்து வாசிப்பவர் அதன் முதல் மூன்று வசனங்களை இழக்கிறார். ஆகவே அதிகாரம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல், பேச்சு முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். பதிப்பில் தடித்த எழுத்தில் வரும் உட்தலைப்புகளும் பதிப்பாளர் சேர்த்தவையே.

மாற்கிலிருந்து தொடங்குங்கள்

புது வருடத்தில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் தொடங்கி, நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் என்று ஒரே வருடத்தில் முடிக்க முயல்கிறவர்கள் பலர். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள், கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமத்தில் 50, யாத்திராகமத்தில் 40 அதிகாரம் முடித்து ஜனவரிக் கடைசியில் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழைகிறார்கள். அங்கே பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. ஆசாரியரின் கையேட்டை எந்த முன்னறிவும் இன்றி வாசிக்கச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான்.

நீங்கள் மாற்கு எழுதிய நற்செய்தியை எடுங்கள். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்திகளில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். முதலில் எழுதப்பட்டதும் அதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஏறக்குறைய கி.பி. 70ஐ ஒட்டிய காலம் என்பார்கள். வாய்விட்டு வாசித்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் முறை ஒரே அமர்வில் வாசியுங்கள். விடுமுறை நாளின் மாலை நேரம் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம், அடிக்கோடு வேண்டாம், புரியாத இடத்தில் நிற்கவும் வேண்டாம். முடிந்தால் சத்தமாக வாசியுங்கள். முதல் நூற்றாண்டில் இந்த நூலை அறிந்தவர்களில் பெரும்பாலோர் ஒருவர் வாசிக்கக் கேட்டவர்களே, காதுக்காக எழுதப்பட்டது என்பது வாசிக்கும்போதே தெரியும். கதை ஓடுகிறது. இயேசு ஓரிடத்தில் நிற்பதில்லை, கூட்டம் விடுவதில்லை, சீடர்களுக்குப் புரிவதில்லை. முதல் பாதி இப்படி விரைந்துவிட்டுக் கடைசி ஆறு அதிகாரங்களில் கதை எருசலேமில் ஒரே வாரத்துக்குள் மெதுவாகிவிடும். எதில் நிதானிக்கிறாரோ அதுதான் ஆசிரியருக்கு முக்கியம்.

இரண்டாம் முறை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு வாசியுங்கள். இடது பக்கத்தில் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எந்த இடத்தில், எது திரும்ப வருகிறது, இதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது. வலது பக்கத்தில் உங்கள் கேள்விகள். ‘இது என் வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது’ என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அந்தக் கேள்வி தவறில்லை. அவசரப்பட்டு முதலில் கேட்டால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த பதிலையே நூலின் வாயில் வைத்துவிடுவோம்.

இந்த முறையில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஒரு பகுதியை எடுத்துக் காட்டுகிறேன். 8:22இல் தொடங்கி 10:52 வரை வாசியுங்கள்.

தொடக்கத்தில் பெத்சாயிதாவில் ஒரு குருடர். இயேசு அவரை ஊருக்கு வெளியே அழைத்துப்போய்த் தொடுகிறார். “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்” என்கிறார் அவர். பார்வை பாதிதான் வந்திருக்கிறது. இயேசு மறுபடியும் கைவைத்த பிறகே எல்லாம் தெளிவாகிறது. மாற்கில் வேறெந்தக் குணமாக்கலும் இப்படி இரண்டு தடவையில் நடப்பதில்லை. ஏன் இங்கே மட்டும்? நோட்டின் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டு மேலே போங்கள்.

அடுத்த காட்சியில் “நீர் கிறிஸ்து” என்று பேதுரு சொல்கிறார். சரியான பதில். உடனே இயேசு தாம் பாடுபட்டுக் கொல்லப்படப் போவதைச் சொல்ல, பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். 9:31இல் இயேசு இரண்டாம் முறை தம் மரணத்தைச் சொல்கிறார். சீடர்களோ தங்களில் யார் பெரியவர் என்று வழியெல்லாம் வாக்குவாதம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். 10:33இல் மூன்றாம் முறை, இன்னும் விரிவாகச் சொல்கிறார். சீடர்களான யாக்கோபும் யோவானும் வந்து, உமது மகிமையில் ஒருவன் வலது பக்கத்திலும் ஒருவன் இடது பக்கத்திலும் உட்கார அருள வேண்டும் என்று கேட்கிறார்கள். மூன்று முறை அறிவிப்பு, மூன்று முறையும் புரியாமை, மூன்று முறையும் அதைத் தொடர்ந்து இயேசுவின் போதனை. தற்செயலாக இப்படி அமையாது.

பகுதியின் முடிவில், எரிகோவில், இன்னொரு குருடர். பர்திமேயு. “நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று இயேசு அவரிடம் கேட்கிறார். சில வசனங்களுக்கு முன் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டதும் இதே கேள்விதான். கண்ணுள்ள அந்த இருவரும் சிம்மாசனத்தைக் கேட்டார்கள். கண்ணில்லாத இவர் பார்வையைக் கேட்கிறார். பார்வை கிடைத்ததும், வழியில் இயேசுவுக்குப் பின்னால் போகிறார். அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி.

இப்போது முதல் குருடரிடம் திரும்புங்கள். பாதிப் பார்வை யாருக்கு என்பதற்கு விடை தேட வேண்டியதே இல்லை. இரண்டு குருடர்களுக்கு நடுவே பார்வையில்லாத சீடர்களை மாற்கு நிறுத்தியிருக்கிறார். 15:27வரை பொறுமையாகப் போனால் இன்னொன்றும் காத்திருக்கிறது. சிலுவையில் இயேசுவின் வலது பக்கத்தில் ஒருவன், இடது பக்கத்தில் ஒருவன், இருவரும் கள்ளர். யாக்கோபும் யோவானும் கேட்ட இடங்கள் எவை என்பது அங்கே தெரிகிறது. இதைக் காண கிரேக்கம் தேவைப்படவில்லை, விளக்கவுரையும் தேவைப்படவில்லை. தொடர்ந்து வாசித்தது மட்டுமே போதுமாக இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்று வாசிப்பவர் எத்தனை வருடம் வாசித்தாலும் இது கண்ணில் படாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இதே கண்ணோடு 5:21 முதல் 43 வரை வாசித்துப் பாருங்கள். யவீருவின் மகள் கதையை நடுவில் நிறுத்தி, இரத்தப்போக்குள்ள பெண்ணின் கதையைச் செருகுகிறார் மாற்கு. அந்தப் பெண்ணுக்கு நோய் எத்தனை வருடம், அந்தச் சிறுமிக்கு வயது எத்தனை என்று பாருங்கள்.

நூலின் முடிவு உங்களைத் திகைக்கவைக்கலாம். 16:8இல் பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள், பயந்துபோய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய சீனாய், வத்திக்கான் சுவடிகளில் நூல் அங்கேயே முடிகிறது. 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் அவற்றில் இல்லை. ஆகவே பல பதிப்புகள் இங்கே ஒரு குறிப்பு இடுகின்றன. அடிக்குறிப்புகளைப் பார்த்து மிரள வேண்டாம். பதிப்பாளர் வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்வதன் அடையாளம் அவை. 8ஆம் வசனத்தோடு ஒரு நாள் நிறுத்தி, அது எப்படிப்பட்ட முடிவு என்று யோசியுங்கள். மறுநாள் மீதியை வாசியுங்கள்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி

ஜனவரி முதல் தேதி பல வீடுகளுக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் அட்டையாக வரும். எரேமியா 29:11 அதில் அடிக்கடி இடம்பெறும்: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்,” அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று போகும் வசனம். வேலைக்கான நேர்காணலுக்கும் மருத்துவமனைக்கும் அந்த அட்டையை எடுத்துச் செல்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடமிருந்து அதைப் பறிப்பது என் நோக்கமில்லை. ஆனால் அட்டையை விட்டுவிட்டு 28, 29 அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தால் வசனத்தின் எடை பல மடங்காகிறது.

எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு ஒரு கூட்டம் சிறையாகக் கொண்டுபோகப்பட்டிருக்கிறது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும், இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறார். கேட்க இனிமையான வாக்குத்தத்தம் அது. எரேமியா அதை மறுத்து, சிறைப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்துப் போன அந்த நகரத்தின் நலத்துக்காக ஜெபியுங்கள், திரும்பி வர 70 வருடம் ஆகும். 70 வருடம் 10ஆம் வசனத்தில் இருக்கிறது. நம் அட்டையின் வசனம் அதற்கு அடுத்தது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குத்தான் அது எழுதப்பட்டது. விரைவில் எல்லாம் சரியாகும் என்று சொன்னவர் அனனியா. எரேமியா சொன்னது வேறு, கடினமானது, நெடுநாள் தாங்கக்கூடியது.

எந்த வசனம் உங்களைத் தொட்டாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு முழு அதிகாரத்தையாவது வாசியுங்கள்.

அடுத்து எதை வாசிப்பது

மாற்குக்குப் பின் லூக்கா, அதைத் தொடர்ந்து அப்போஸ்தலருடைய நடபடிகள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு ஒரே ஆசிரியர் எழுதிய இரண்டு பாகங்கள். இரண்டின் தொடக்க வசனங்களையும் ஒப்பிட்டால் தெரியும். நம் பதிப்புகளில் யோவான் நடுவில் வந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது. நீங்கள் சேர்த்தே வாசியுங்கள்.

கடிதங்களுக்குள் நுழையப் பிலேமோன் நல்ல வாசல். 25 வசனம் மட்டுமே, ஒரே பக்கம். ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும் பவுல், அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமானரிடம் கேட்கிறார். அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை என்று தம் கையாலேயே எழுதுகிறார். இரண்டாம் வசனத்தைக் கவனியுங்கள். கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அத்தனை பேர் முன்னிலையில் வாசிக்கப்படும்போது பிலேமோனின் முகம் எப்படி இருந்திருக்கும்! இதை வாசித்துவிட்டு பிலிப்பியருக்குப் போனால், நிருபங்களைப் பொன்மொழித் தொகுப்பாகப் பார்க்கும் பழக்கம் போய்விடும். யாரோ யாருக்கோ காரணத்தோடு எழுதிய கடிதங்கள் என்பது மனதில் நிலைக்கும்.

பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் முழுவதும், பிறகு யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரங்கள், அதன் 32 முதல் 34 வரை. ரூத் நான்கே அதிகாரம். ஒரே மாலையில் முடியும். அதன்பின் லேவியராகமம் 19ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விடு, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, உன்னைப்போல் பிறனையும் நேசி என்பவை எல்லாம் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. ரூத் கதிர் பொறுக்கிய வயல் எந்தச் சட்டத்தால் திறந்திருந்தது என்பது அப்போது விளங்கும். பிறகு லேவியராகமம் முழுவதையும் வாசிக்க உங்களுக்கே ஆவல் வரும்.

தீர்க்கதரிசிகளில் ஆமோஸிலிருந்து தொடங்கலாம். முதல் இரண்டு அதிகாரங்களில் அவர் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என்று அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகக் கண்டிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பார்கள். எட்டாவதாக விரல் அவர்கள்மேலேயே திரும்புகிறது: ஏழையை ஒரு ஜோடி செருப்புக்காக விற்றவர்கள் நீங்கள்தான் என்று. தீர்க்கதரிசிகளை வாசிக்க நான்கு ஆண்டுகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கி.மு. 722 வாக்கில் வடக்கு நாடான இஸ்ரவேல் அசீரியரிடம் வீழ்ந்தது. கி.மு. 586 வாக்கில் எருசலேமும் ஆலயமும் பாபிலோனியரால் அழிந்தன. கி.மு. 538இல் பாரசீக மன்னர் கோரேசு யூதர்களை ஊர் திரும்ப அனுமதித்தார். கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்தனர். எந்தத் தீர்க்கதரிசியை எடுத்தாலும், இவர் இந்த ஆண்டுகளுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். ஆமோஸ் 722க்கு முன், எரேமியா 586இன் இருபுறமும்.

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன் உருவகங்கள் தானியேலிலிருந்தும் எசேக்கியேலிலிருந்தும் யாத்திராகமத்திலிருந்தும் வருகின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் உங்களுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லிவிட முடியும். உலக முடிவின் தேதியைக் கணித்துக் காணொளி போடுகிறவர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

இவை எல்லாவற்றோடும் சேர்த்து, தினம் ஒரு சங்கீதம். தமிழ்க் கவிதையில் எதுகை மோனையைக் காது தேடும். எபிரெயக் கவிதை அடிகளின் பொருளை இணையாக அடுக்குகிறது. ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொல்லில் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று ஆரம்பித்து, இரண்டே வசனத்துக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. ஆறாம் வசனத்தில் பாட்டோடு முடிகிறது. நடுவில் என்ன மாறியது என்று சங்கீதம் சொல்வதில்லை. சில பதிப்புகளிலும் பழைய கத்தோலிக்கப் புத்தகங்களிலும் சங்கீத எண் ஒன்று தள்ளி இருக்கும். 23 அங்கே 22 ஆகலாம்.

கடினமான இடங்கள்

யோசுவா எரிகோவைப் பிடிக்கும் பகுதியில் ராகாபும் அவள் வீட்டாரும் தவிர அதன் மக்கள் எல்லோரும் கொல்லப்படுகிறார்கள். 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் குழந்தைகளைப் பற்றியது, வாசிக்கக் கூசும். அடிமைத்தனத்தை ஒழிக்காமல் ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு நேரும் கொடுமைகள் எந்தக் கண்டனமும் இல்லாமல் சொல்லப்படும் இடங்களும் உண்டு. இவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். நம்பிக்கையுள்ளவர் என்பதற்காக உடனே ஒரு நியாயம் கற்பிக்கவும் வேண்டாம்; நம்பிக்கையில்லாதவர் என்பதற்காக நூலை மூடவும் வேண்டாம். பேசுவது யார், எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள். 137ஆம் சங்கீதம் எருசலேம் எரிந்ததைக் கண்ணால் கண்டு, பாபிலோனின் ஆற்றங்கரையில் அழுகிறவர்களின் குரல். அது தெரிந்தால் வசனம் இனிமையாகிவிடாது. யாருடைய வலி அது என்பதாவது தெரியும். மீதியை வலது பக்கத்தில் கேள்வியாகவே விட்டுவையுங்கள். நான் பல வருடங்களாக விட்டுவைத்திருக்கும் கேள்விகள் உண்டு. அவை என் வாசிப்பை நிறுத்தவில்லை.

துணைக்கருவிகளும் துணைவர்களும்

பக்கத்தின் நடுவிலோ அடியிலோ ஒத்த வாக்கியங்கள் (தொடர்புடைய மற்ற வசனங்களின் எண்கள்) தரப்பட்டுள்ள பதிப்பு கிடைத்தால் நல்லது. புதிய ஏற்பாட்டில் மேற்கோள் வரும் இடத்திலெல்லாம் மூல இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சிலுவையில் இயேசு கதறும் வார்த்தை 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்று கண்டு, அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசித்தவர் மாற்கு 15ஐ மறுபடியும் பழையபடி வாசிக்க மாட்டார். வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும். பெரும்பாலான பிரதிகளின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். கலிலேயா வடக்கே, எருசலேம் தெற்கே, சமாரியா நடுவே என்பது தெரிந்தாலே பாதிக் கதைகள் தெளிவாகும்.

விளக்கவுரையைக் கடைசியாகத் திறங்கள். நீங்களே வாசித்து, கேள்விகளை எழுதி, ஒரு பதிலையாவது முயன்று பார்த்த பிறகு அது துணை செய்யும். முதலிலேயே திறந்தால் உரையாசிரியரின் கண்ணால்தான் பார்ப்பீர்கள். ஒரே உரையோடு நிற்காமல், வேறு சபை மரபிலிருந்து இரண்டாவது ஒன்றையும் பாருங்கள். இருவரும் எங்கே மாறுபடுகிறார்களோ அங்கேதான் உண்மையான கேள்வி இருக்கிறது.

நேரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், எந்த வேளை உங்களுக்கு அமைதியோ அந்த வேளை. விட்டுப்போன நாளை அடுத்த நாளின் கணக்கில் ஏற்றாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தனியாக வாசிப்பது என்றால் கடைசிவரை யாரிடமும் பேசாமல் வாசிப்பது என்று பொருளில்லை. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதற்கு, யாராவது சொல்லித் தராவிட்டால் எப்படிப் புரியும் என்று கேட்டு, அவரை ஏறி உட்காரச் சொல்கிறார். நீங்களும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையோ போதகரோ கேள்வியைப் பொறுமையாகக் கேட்பவராக இருந்தால் அவரிடம் மாதம் ஒருமுறை நோட்டின் வலது பக்கத்தைக் கொண்டுபோங்கள். கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னால், மரியாதையோடு வணக்கம் சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். நண்பர் ஒருவரோ, கணவரோ மனைவியோ, அதே நூலை அதே வாரத்தில் வாசிக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூடும்போது ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கட்டும். பிறகு இருவரும் ஆளுக்கொரு கேள்வி மட்டும் வைத்துப் பேசுங்கள். முதல் சந்திப்புக்கு மாற்கு 1:1 முதல் 3:6 வரை போதும். இயேசுவை ஒழித்துவிட யார் யார் சேர்ந்து ஆலோசிக்கிறார்கள் என்ற இடத்தில் அந்தப் பகுதி முடிகிறது, இவ்வளவு சீக்கிரமாகவா என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்கலாம்.